கோலிக்குண்டில் பிறந்த கலை

1962 மார்ச் மாதக் கடைசி. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டொலீடோ என்ற ஊர். அங்குள்ள கலை அருங்காட்சியக வளாகத்தில் ஒரு பழைய கார் ஷெட். அதற்குள் செங்கல் அடுக்கிக் கட்டிய சின்னஞ்சிறு உலை. சுற்றி நின்றவர்களில் பெரும்பாலோர் மண்பாண்டக் கலைஞர்களும் அந்தக் கலையைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களும். களிமண் அவர்களுக்குக் கைவந்த பொருள். கண்ணாடியை உருக்கி ஊதச் சொன்னால்தான் திருதிரு. அவர்களைக் கூப்பிட்ட ஹார்வி லிட்டில்டனுக்கே அதில் பெரிய தேர்ச்சி கிடையாது. அவரும் மண்பாண்டப் பேராசிரியர்தான்.

எதிர்பார்த்தபடியே ஆரம்பம் சொதப்பியது. லிட்டில்டன் கணக்குப் பார்த்துக் கலந்த கலவை ஊதும் பதத்துக்கு வரவே இல்லை. அப்போது கைகொடுத்தவர் டொமினிக் லபினோ. கண்ணாடி இழை தயாரிக்கும் ஜான்ஸ்-மான்வில் நிறுவனத்தில் ஆராய்ச்சிப் பொறுப்பில் இருந்தவர். அந்த ஆலையில் இழைக்கான மூலப்பொருளைக் கோலிக்குண்டுகளாக உருட்டி வைத்திருப்பார்கள். அவற்றை உருக்கித்தான் இழை இழுப்பார்கள். 475 என்ற எண் கொண்ட அந்தக் குண்டுகளைப் போட்டுப் பார்க்கலாமே என்றார் லபினோ. போட்டார்கள். குண்டுகள் இளகின, பாகு மாதிரிக் குழாயில் சுற்றிக்கொண்டு வந்தன.

கண்ணாடி கிடைத்துவிட்டது. ஊதக் கற்றுத்தர ஆள் வேண்டுமே? டொலீடோ கண்ணாடிக்குப் பேர்போன ஊர். 1888-ல் லிப்பி கம்பெனி அங்கே குடிபெயர்ந்த நாள் முதல் ஊரின் அடையாளமே கண்ணாடிதான். அந்தக் கம்பெனியில் ஊதுகுழாய் பிடித்து ஓய்வுபெற்ற ஹார்வி லீஃப்கிரீன் பட்டறைக்கு வந்து சேர்ந்தார். குழாயை வாங்கினார், ஊதிக் காட்டினார். பேராசிரியர்கள் சுற்றி நின்று ஓர் ஆலைத் தொழிலாளியின் கையையும் கன்னத்தையும் பார்த்துப் பாடம் படித்தார்கள்.

பட்டறை நடந்தது ஒரு வாரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக, அவ்வளவுதான். ஜூன் மாதம் இன்னொன்று நடந்தது. அங்கே உருவான சாமான்கள் கோணல்மாணலானவை, கொப்புளம் விழுந்தவை. சந்தையில் வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் அமெரிக்காவின் ‘ஸ்டூடியோ கண்ணாடி’ இயக்கம் எங்கே பிறந்தது என்று கேட்டால், கலை வரலாறு எழுதுகிறவர்கள் அந்த ஷெட்டைத்தான் கைகாட்டுகிறார்கள்.

அந்தப் பத்து நாளுக்கு ஏன் இத்தனை மதிப்பு என்பது புரிய, அதற்கு முன்பு கண்ணாடி எங்கே இருந்தது என்று பார்க்க வேண்டும். அது ஆலைக்குள் இருந்தது. ஓவியர் காகிதத்தில் வடிவம் வரைந்து கொடுப்பார், ஊதுவது தொழிலாளி. வரைந்தவர் உலைப் பக்கம் போனதில்லை, ஊதியவருக்கு வடிவத்தைத் தீர்மானிக்கும் உரிமையும் இல்லை. இத்தாலியில் கதை இன்னும் இறுக்கமானது. வெனிஸ் அரசு 1291-ல் கண்ணாடி உலைகளை முரானோ தீவுக்கு மாற்றியது. ஊருக்குத் தீப்பிடிக்கும் என்ற பயம் ஒரு காரணம். தொழில் ரகசியத்தைத் தீவுக்குள்ளேயே பூட்டிவைக்க அதுவே வசதியாகவும் போயிற்று. தகப்பன் பிள்ளைக்குச் சொல்வது, ஆசான் எடுபிடிப் பையனுக்குச் சொல்வது, அதைத் தாண்டி யாருக்கும் இல்லை என்பதே நூற்றாண்டுகளாக வழக்கம்.

லிட்டில்டன் ஆலையின் நிழலிலேயே வளர்ந்தவர். பிறந்தது 1922-ல், கண்ணாடிக்குப் பெயர்பெற்ற கார்னிங் நகரில். அப்பா ஜெஸ்ஸி லிட்டில்டன் கார்னிங் கம்பெனியின் இயற்பியலாளர். சூடு தாங்கும் கண்ணாடியில் ஒரு பேட்டரி ஜாடியின் அடிப்பாகத்தை அறுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவி பெஸ்ஸியிடம் கொடுத்தார். அந்த அம்மாள் அதில் கேக் சுட்டுக் காட்டினார். நடந்தது 1913-ல். பைரெக்ஸ் பாத்திரங்கள் அந்த அடுப்படியிலிருந்துதான் கிளம்பின. இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு, ஒரு தனி மனிதர் தன் கொல்லைப்புறத்தில் உலை வைத்துக் கண்ணாடி ஊத முடியாதா என்ற கேள்வி வந்ததில் ஆச்சரியமில்லை. முடியாது என்பதே அன்று எல்லோரும் சொன்ன பதில். 1950-களின் பிற்பகுதியில் முரானோவுக்குப் போனவர், அங்கே வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்காக வைத்திருந்த சின்ன உலைகளைக் கண்டார். அப்படியானால் முடியும்!

டொலீடோ பட்டறை செய்து காட்டியது அதைத்தான். எவரையும் அது கைதேர்ந்தவராக ஆக்கவில்லை. பூட்டியிருந்த கதவொன்றைத் திறந்தது. இன்னொன்றும் உண்டு. அந்தப் பட்டறை இரண்டு மணி நேரத்தில் முடிந்திருந்தால், உருகாத கலவையைப் பார்த்துவிட்டு எல்லோரும் ஊருக்குப் போயிருப்பார்கள். தோற்றுப்போகவும், தோற்றதைச் சரிசெய்யவும் அதில் நாள் இருந்தது. கைத்தொழில் பட்டறைகளைப் பற்றிப் பேசும்போது பலரும் தவறவிடுவது இந்தக் கணக்கைத்தான்.

விதை முளைத்த வேகம் வியப்பானது. அதே ஆண்டு லிட்டில்டன் விஸ்கான்சினில் மாணவர்களுக்குக் கண்ணாடி சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். அவரிடம் படித்தவர்களில் ஒருவர் டேல் சிஹூலி. பின்னாளில் உலகின் பெரிய அருங்காட்சியகங்களெல்லாம் கண்ணாடிப் பூக்களுக்காகத் தேடிப்போன அதே சிஹூலி. 1971-ல் அவர் சியாட்டில் நகருக்கு வடக்கே, ஹாபர்க் தம்பதியின் மரப்பண்ணையில் பதினாறு மாணவர்களோடு கூடாரம் அடித்தார். கையில் 2,000 டாலர் நல்கை. கோடைக்காலம் என்று பேர், மழை விட்டபாடில்லை. நனைந்துகொண்டே உலை கட்டி ஊதவும் தொடங்கிவிட்டார்கள். பில்சக் கண்ணாடிப் பள்ளி பிறந்த கதை இது. இன்றும் அங்கே பட்டப்படிப்பு கிடையாது. சில வாரங்கள் தங்க வேண்டும், ஊத வேண்டும், போக வேண்டும்.

அந்தப் பள்ளிக்கு 1979-ல் ஒருவர் வந்தார். லீனோ தாலியாபியெத்ரா. முரானோவில் 1934-ல் பிறந்து, பதினோரு, பன்னிரண்டு வயதிலேயே உலைக்கு எடுபிடியாகப் போய், இருபதுகளின் தொடக்கத்தில் ‘மாயெஸ்த்ரோ’ பட்டம் பெற்றவர். அமெரிக்கப் பிள்ளைகள் தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்துக்கொண்டிருந்த வேலைகளை அவர் கண்ணெதிரே அனாயாசமாகச் செய்து காட்டினார். நுண்ணிய கண்ணாடிக் கோல்களைப் பின்னல்போல முறுக்கிப் பாத்திரத்துக்குள் ஓடவிடும் முரானோ வித்தை, மரப்பண்ணையில் ஜீன்ஸ் போட்ட மாணவர்கள் முன்னால் அரங்கேறியது. முரானோவில் முணுமுணுப்பு எழாமலா இருக்கும்? குடும்பச் சொத்தை வெளியாளுக்குக் கொடுத்துவிட்டார் என்று சிலருக்கு ஆத்திரம். லீனோவோ திரும்பத் திரும்ப அமெரிக்கா போய்க் கற்றுக்கொடுத்தார். எழுநூறு ஆண்டு மூடிவைத்த ரகசியம் ஒரு கோடைப் பட்டறையில் அவிழ்ந்தது.

இப்படிச் சில வாரம் தங்கிக் கற்றுப் போகும் பள்ளிக்கு முன்மாதிரி இன்னும் பழையது. நூல் நூற்றுத் தறி நெய்த பெண்களிடம் தொடங்கியது. வட கரோலினா மலைப்பகுதியில் பென்லாண்ட் என்ற குக்கிராமம். அங்கே ஆசிரியையாக வந்த லூசி மார்கன், 1923-ல் கென்டக்கியின் பெரியா கல்லூரிக்குப் போய்ச் சில வாரம் நெசவு பழகித் திரும்பினார். வீடுகளில் ஓய்ந்து கிடந்த தறிகளை மறுபடி ஓடவைத்து, மலைக் குடும்பத்துப் பெண்களுக்கு வருமானம் வர வழிசெய்வது அவர் நோக்கம். 1928-ல் எட்வர்ட் வொர்ஸ்ட் என்ற நெசவு நிபுணர் சிகாகோவிலிருந்து வந்து அந்தப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். செய்தி பரவியதும், நாங்களும் வரலாமா என்று வெளியூரிலிருந்து கேட்கத் தொடங்கினார்கள். 1929-ல் அது பள்ளியானது. சில வாரம் படித்துவிட்டு வந்த ஒருத்தி, சில வாரம் படிக்க வருகிறவர்களுக்காகத் தொடங்கிய பள்ளி!

இன்று பென்லாண்டில் நெசவோடு மண், இரும்பு, மரம், கண்ணாடி, காகிதம், அச்சு என்று பல தொழில்கள். கோடையில் ஒரு வார, இரண்டு வார வகுப்புகள்; வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் எட்டு வாரம். மதிப்பெண் இல்லை. நிரந்தர ஆசிரியர் கூட்டமும் இல்லை. ஒவ்வொரு வகுப்புக்கும் வேறொரு கலைஞர் வந்து நடத்திவிட்டுப் போவார். நேற்றுவரை சுத்தியலே பிடிக்காத குமாஸ்தாவும், முப்பது வருஷம் கொல்லுப்பட்டறை நடத்தியவரும் ஒரே வகுப்பில் நிற்பது அங்கே சகஜம். சாப்பாடு ஒரே கூடத்தில். பட்டறைகள் நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும். இராப்பொழுதில் விளக்கு எரியும் கொட்டகைக்குள் பக்கத்து ஆள் எப்படிச் செய்கிறார் என்று எட்டிப்பார்ப்பதில் பாதிப் படிப்பு முடிந்துவிடும். மெய்ன் மாநிலத்தில் 1950-ல் தொடங்கிய ஹேஸ்டாக் பள்ளியும் இதே குடும்பம். கட்டடக் கலைஞர் எட்வர்ட் லாரபி பார்ன்ஸ் கடலைப் பார்த்த பாறைச் சரிவில் மரத்தூண்கள்மேல் கட்டிக்கொடுத்த வளாகத்துக்கு 1961-ல் அது இடம்பெயர்ந்தது. அங்கே கோடையில் பாடம் நடத்திய அனுபவம்தான் சிஹூலிக்குப் பில்சக் பற்றிய யோசனையைக் கொடுத்தது.

இவ்வளவு சொன்ன பிறகு ஓர் எதிர்வாதத்தையும் கேட்டுவிடுவது நியாயம். நாள் முழுக்க ஒரே வேலையில் மூழ்கிக் கிடந்தால் கை சீக்கிரம் பழகுமா? பழகாது என்கிறது உளவியல். பிரிட்டிஷ் அஞ்சல் துறை ஊழியர்களுக்குத் தட்டச்சுப் பலகை பழக்கியதை வைத்து ஆலன் பேட்லியும் லாங்மனும் 1978-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தினம் ஒரு மணி நேரம் மட்டும் பழகியவர்கள், தினம் நான்கு மணி நேரம் பழகியவர்களைவிடக் குறைந்த மொத்த நேரத்திலேயே தேர்ந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த ஒரு மணி நேரக்காரர்களுக்குத்தான் பயிற்சியில் திருப்தி மிகக் குறைவு. நாள் கணக்கில் பார்த்தால் தாங்கள் பின்தங்கிவிட்டதாக அவர்களுக்குத் தோன்றியது. பாட்டும் வீணையும் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கு இது தெரியாத விஷயமல்ல. தினம் கொஞ்சம் சாதகம் என்பதைத்தானே அவர்களும் சொல்கிறார்கள்.

ஆகவே இரண்டு வாரத்தில் கை தேர்ந்துவிடும் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்ப வேண்டியதில்லை. ஆனால் தட்டச்சுப் பலகைக்கும் உலைக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. உலையைத் தினம் ஒரு மணி நேரம் மூட்டி அணைக்க முடியாது. உருகிய கண்ணாடி சுமார் 1,100 டிகிரி செல்சியசில் இரவும் பகலும் கொதித்தபடி இருக்க வேண்டும். ஊதி முடித்த பொருளை வெளியே வைத்தால் படீரென்று தெறித்துவிடும். 500 டிகிரியை ஒட்டிய, சூடு ஆற்றும் அடுப்பில் வைத்து, இரவெல்லாம் மெல்ல மெல்லச் சூட்டை இறக்க வேண்டும். நேற்று செய்தது தேறியதா என்பது இன்று காலைதான் தெரியும். ஈர நாளிதழ் மடிப்பைக் கையில் வைத்துக்கொண்டு சிவந்த கண்ணாடியை உருட்டித் தடவுவது, ஒருவர் குழாயைச் சுழற்ற இன்னொருவர் ஊதுவது என்று எல்லாமே ஜோடி வேலை. வீட்டில் தனியாக உட்கார்ந்து பழகும் வித்தை இல்லை இது.

மண்ணின் கதையும் அதேதான். குயவனுக்கு ஆறு மாதம், தடிகாரனுக்கு அரை நாழிகை என்பது பழமொழி. சக்கரத்தில் புதிதாக உட்காருகிறவருக்குத் தடிகாரன் தேவையில்லை. அவருடைய கட்டைவிரலே போதும். மண்ணை நடுவுக்குக் கொண்டுவரவே முதல் இரண்டு மூன்று நாள் போய்விடும். அதற்குப் பிறகு சுவர் எழும்பும், சாயும், எழும்பும். எழும்பியதைப் பாதி காயவைத்து அடியைச் சீவ வேண்டும். முழுக்கக் காயவைக்க வேண்டும். சுமார் 1,000 டிகிரியில் ஒருமுறை சுட வேண்டும். மெருகு பூசி மறுபடி சுட வேண்டும். கல்மண் சாமான் என்றால் இரண்டாம் சூடு 1,250 டிகிரியைத் தாண்டும். வனைந்தபோது இருந்த அளவு, சுட்டு எடுத்தால் இருக்காது; பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கியிருக்கும். பெரிய லோட்டா செய்ய நினைத்தவர் கையில் டீ டம்ளர் வந்து சேரும்.

இத்தனை படிகளையும் ஒரே மாலையில் அடைத்துவிட ஒரு வழி இருக்கிறது. அதன் பெயர் ராக்கு. ஜப்பானின் கியோத்தோ நகரில் பதினாறாம் நூற்றாண்டில் சோஜிரோ என்ற ஓட்டுக் கைவினைஞர், தேநீர்ச் சடங்கின் பெருந்தகை சென் நோ ரிக்யூவுக்காகச் சக்கரமில்லாமல் கையால் பிடித்துச் செய்த கிண்ணங்களில் தொடங்கியது. குறைந்த சூடு; கனன்றுகொண்டிருக்கும்போதே கொடுக்கில் பிடித்து வெளியே எடுத்துவிடுவார்கள். 1911-ல் தோக்கியோவில் ஒரு விருந்து. வந்தவர்களிடம் சுடாத பாத்திரங்களைக் கொடுத்து ஏதாவது வரையச் சொன்னார்கள். அங்கேயே மெருகு பூசி, அங்கேயே சுட்டுக் கொடுத்தார்கள். விருந்தாளிகளில் ஒருவர் பெர்னார்ட் லீச் என்ற இருபத்து நான்கு வயது ஆங்கிலேயர். சித்திரம் எழுதிக்கொண்டிருந்தவர் அன்றோடு மண்ணுக்கு மாறினார். ஆசானைத் தேடிப்போய் ஆண்டுக்கணக்கில் பழகினார். 1920-ல் ஜப்பானியக் குயவர் ஷோஜி ஹமாதாவோடு இங்கிலாந்து திரும்பி, செயின்ட் ஐவ்ஸ் ஊரில் சூளை கட்டினார். இருபதாம் நூற்றாண்டு மேலை மண்பாண்டக் கலையின் போக்கையே மாற்றிய சூளை அது. தனக்குக் கிடைத்ததை அவர் மறக்கவில்லை. செயின்ட் ஐவ்சுக்குக் கோடையில் வரும் பயணிகளுக்கும் ராக்கு பாத்திரம் கொடுத்து வரையச் சொல்லிச் சுட்டுத் தந்தார்.

லீச் 1940-ல் எழுதிய ‘எ பாட்டர்ஸ் புக்’ நூலைக் கையில் வைத்துக்கொண்டு, கலிஃபோர்னியாவில் பால் சோல்ட்னர் என்ற மண்பாண்டக் கலைஞர் 1960-ல் ஒரு கைவினைச் சந்தையில் ராக்கு சுட்டுக் காட்ட முயன்றார். வந்த பாத்திரங்கள் மனத்துக்குப் பிடிக்கவில்லை. சூடு ஆறுமுன் எடுத்துக் கீழே கிடந்த மிளகு மரச் சருகில் புரட்டினார். சருகு பற்றிக்கொண்டது, புகை ஏறி, பாத்திரத்தில் கருமையும் விரிசல் கோலமும் படிந்தன. ஜப்பானிய ராக்குவுக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. ஆனால் இன்று உலகமெங்கும் வாரக்கடைசிப் பட்டறைகளில் மரத்தூளும் புகையுமாக நடப்பது சோல்ட்னரின் அந்தத் தற்செயல்தான்.

தமிழ் வாசகருக்கு இதில் பக்கத்து ஊர்த் தொடர்பு ஒன்று உண்டு. 1971-ல், பில்சக்கில் கூடாரம் அடித்த அதே ஆண்டில், ரே மீக்கர், டெபரா ஸ்மித் என்ற இரு அமெரிக்கர்கள் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். ஸ்மித் ஜப்பானில் மண்பாண்டம் பழகியவர். மீக்கர் கட்டடக் கலையும் மண்ணும் படித்தவர். பச்சை மண்ணால் வீடு கட்டி, வீட்டையே சூளையாக்கி முழுசாகச் சுட்டுப் பார்த்தவர் மீக்கர் என்பதையும் சொல்ல வேண்டும். இந்தியாவின் இன்றைய ஸ்டூடியோ குயவர்களில் பலர் அங்கே மாதக்கணக்கில் தங்கிப் படித்தவர்கள். அங்கே கூலிக்குச் சேர்ந்த உள்ளூர்த் தொழிலாளர்கள் சிலர் வேலையைக் கற்று வெளியே வந்து, சுற்றுவட்டாரத்தில் சொந்தச் சூளை போட்டார்கள். புதுச்சேரிக் கடைகளில் இன்று கிடைக்கும் பளபளப்பான கல்மண் கோப்பைகளின் வம்சாவளி அந்தக் கொட்டகைக்குப் போய்ச் சேரும்.

புதுச்சேரிக்குப் போக முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ராவில் சக்கரத்தின் முன் உட்கார்ந்து பார்க்கலாம். சென்னை, கோவை, பெங்களூரு என்று நகரங்களில் ஒருநாள் பட்டறைகளுக்குக் குறைவில்லை. ஏப்ரன் கட்டிக்கொண்டு, மண் பூசிய கையோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பும் கூட்டத்தைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டியதில்லை. லீச்சும் ஒரு விருந்தில் வேடிக்கையாகத் தொடங்கியவர்தான். ஒருநாள் பட்டறையில் ஒரு குறை மட்டும் உண்டு. மண்ணைத் தொட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறோம்; காய்வதும் சீவுவதும் மெருகும் நெருப்பும் நம் கண்ணுக்குப் பின்னால் நடக்கின்றன. மூன்று வாரம் கழித்துக் காகிதம் சுற்றிய கோப்பை கூரியரில் வருகிறது. எங்கே கோணியது, எதனால் விரிந்தது என்று கேட்க அங்கே யாரும் இல்லை. பல இடங்களில் அந்தக் கோப்பையின் கோணலையும் நமக்குத் தெரியாமலே யாரோ சீவிச் சரிசெய்திருப்பார்கள். கற்க வந்தவருக்கு அது உதவியல்ல, நஷ்டம்.

பணம் கட்டுமுன் ஸ்டூடியோக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: சூளையை என்றைக்குத் திறப்பீர்கள், அன்றைக்கு நானும் வரலாமா? வாருங்கள் என்று சொல்கிற இடத்தில் சேருங்கள்.